வள்ளத்தில் வந்த கலைமான்

என் அன்புக்குரிய அத்தான்,

உங்கடை நாலாம் ஆண்டு வருகிறது. பேப்பரில் அஞ்சலி போட வேண்டும் என்று அக்கா சொன்னா. ‘ஆறாத்துயர்’, ‘நீங்கா நினைவு’ என்று எல்லாரும் போடுகிற வரிகளை எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். வாசித்துப்போட்டுத் திருப்பித் தந்தா. “உதை அந்தாள் வாசிச்சால் விழுந்து சிரிப்பார். நடந்ததை எழுது” என்றா. எனக்கும் நடந்ததைத்தான் எழுதத் தெரியும். பேப்பர் இப்போது கொப்பித் தாளில் அடித்து வருகிறது, நீலக் கோட்டுக்கு மேலே எழுத்து ஓடுகிறது. அந்தத் தட்டுப்பாட்டிலும் எனக்குக் கொஞ்சம் கூட இடம் தந்திருக்கிறார்கள்.

வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவர் என்ரை அக்காவின் கணவர். அரியாலையில் பிறந்து, இணுவிலில் எங்கள் வீட்டில் கலியாணம் கட்டி, வேலை நாள் முழுக்கப் பரந்தனில் மாடுகளோடு நின்ற மிருக வைத்தியர். ஊர் அவரை மாட்டு டொக்டர் என்றது. மழை விட்ட கையோடு மலேரியா பிடித்தது. குளிசை மருந்து எங்கே இருக்கிறது என்று நாங்கள் சைக்கிளில் தேடித் திரிந்து முடிக்க முந்தி ஆள் போய்விட்டார்.

செத்தவீட்டிலேயே ஒருவர் சொன்னார், அத்தான். பேர் வேண்டாம், உங்களுக்கும் தெரிந்த ஆள்தான். “மாடு பாக்கப் போய்ச் செத்திருந்தாலும் ஒரு நியாயம். மான் பாக்கப் போயெல்லே மனுசன் செத்தது.” அக்காவுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு அக்கா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “நீங்கள் ரெண்டு பேரும் வள்ளத்திலை கொண்டுபோய் விட்ட மான், அது இருக்கோ? அதாலை ஏதும் நடந்ததோ?” நான் தெரியாது என்றேன். தெரியாததைத் தெரியாது என்றுதானே சொல்ல வேண்டும்? நாலு வருசமாக அதே கேள்வி, நாலு வருசமாக அதே மறுமொழி.

முதலில் நல்ல காலத்தைச் சொல்கிறேன்.

இந்தியன் ஆமி போய், அடுத்த சண்டை தொடங்காமல் கிடந்த அந்தச் சில மாதம். கரண்ட் இருந்தது. நான் வேலை செய்த ஆய்வுகூடத்தில் குளிர்பெட்டி இரைந்துகொண்டிருந்தது. நீங்கள் மோட்டச்சைக்கிளின் பின்னால் ஒரு வெள்ளை நுரை றிஜிபோம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினீர்கள். உள்ளே மீன் ஐஸ். ஐஸுக்குள்ளே சின்னச் சின்னக் குப்பிகள்.

“தம்பி, உமக்கு ஒரு வேலை கொண்டுவந்திருக்கிறன். மான்ரை இரத்தம்.”

“மாட்டின்ரை எண்டாலும் பரவாயில்லை. மானை வைச்சு நான் என்ன செய்யிறது?”

“உடுத்துறை மணலிலை நிக்கிற மானுகளைப் பாத்தனீரோ? உடம்பு சிறுத்து, குட்டி குறைஞ்சு, ஒண்டு ரெண்டுக்குக் கொம்பு கோணல். வன்னிக் காட்டிலை நிக்கிறது அப்பிடியில்லை. உதுகள் தங்களுக்குள்ளையே கட்டிக்கொண்டு கிடக்குதுகள் போலை. இடையிலை கிடக்கிற கடல்நீரேரி மறிச்சுப்போட்டுதோ எண்டு பாக்கவேணும்.” பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னீர்கள்: “உங்கடை இணுவில் ஆக்கள் மாதிரி.”

அன்று மத்தியானம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் இதையே திரும்பச் சொன்னீர்கள். அம்மாவும் அப்பாவும் சொந்த மச்சான் மச்சாள் என்பது தெரிந்துதான் சொன்னீர்கள். அம்மா கத்தரிக்காய்ப் பால்கறியை உங்கள் கோப்பையில் வைத்துக்கொண்டே சொன்னா: “அதுக்குத்தானே தம்பி, உங்களை அரியாலையிலை இருந்து எடுத்தனாங்கள்.” நீங்கள் சிரித்துப் புரைக்கேறித் தண்ணி குடித்தீர்கள். உங்களை ஒருவர் மடக்கினால் உங்களுக்கு எவ்வளவு சந்தோசம்! எனக்கு அந்தக் குணம் வரவேயில்லை.

இரத்தம் எடுத்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் முழங்கால் நோகிறது. உடுத்துறையில் மீன் பிடிக்கிற மரியதாஸ் அண்ணையின் கரைவலையை இரவல் வாங்கி, பற்றைக்கும் பற்றைக்கும் நடுவில் கட்டி, மற்றப் பக்கத்தால் தகரம் தட்டி மானைக் கலைத்து வலைக்குள் விழுத்தி, அது துள்ளத் துள்ள நீங்கள் கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றுவீர்கள். கண்ணுக்கு ஒரு துணி. கண்ணை மூடினால் அடங்கிவிடும் என்பீர்கள். ஒரு நாள் நானும் வந்தேன். பின்காலைப் பிடிக்கச் சொன்னீர்கள், பிடித்தேன், முழங்காலில் உதைத்தது. “லாப்பிலை இருக்கிறவைக்கு மான் எண்டால் குப்பிக்குள்ளை இருக்கிற சாமான்” என்று மரியதாஸ் அண்ணை சொல்ல, வலை பிடித்து நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மணலில் கிடந்தபடி நானும் சிரித்திருப்பேனோ? இல்லை, ஏசியிருப்பேன்.

என்ரை பக்கத்து வேலை இது. மாவைக் காய்ச்சித் தட்டில் ஊற்றி ஆறவிட்டால் கண்ணாடி போல ஒரு களி. அதன் ஒரு கரையில் இரத்த நீரைத் தொட்டு வைத்து மின்சாரம் ஓடவிட்டால் புரதம் நகரும். பிறகு சாயம் போட்டால் பட்டை தெரியும். ஒரு குறிப்பிட்ட புரதத்தில் மான்களுக்கு இரண்டு சாதி இருந்தது: ஒன்று விரைவாக ஓடி மேலே நிற்கும், மற்றது பின்தங்கிக் கீழே நிற்கும். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. இரண்டு பேரும் ஒரே சாதியைக் கொடுத்தால் குட்டிக்கு ஒரு பட்டை. வேறு வேறு கொடுத்தால் இரண்டு பட்டை. அவ்வளவுதான்.

நான் முதல் பார்த்துச் சொன்ன முடிவு உங்களுக்குப் பிடிக்கவில்லை. “எல்லா இடத்திலையும் ரெண்டு சாதியும் கலந்து கிடக்கு. நீரேரி ஒண்டையும் மறிக்கேல்லை. வெய்யிலுக்கு வத்தேக்கை மான் நடந்து போய் வருகுது. விசயம் முடிஞ்சுது” என்றேன்.

“உடுத்துறை மானுக்கு ரெண்டு பட்டையோ? இருக்கேலாது.”

“இருக்கேலாது எண்டு நீங்கள் சொன்னால் பட்டை அழிஞ்சு போகுமோ? குப்பியிலை நீங்கள்தானே எழுதித் தந்தனீங்கள். இ எண்டால் இயக்கச்சி. உ எண்டால் உடுத்துறை. அ எண்டால் அம்பகாமம்.”

“என்னது?”

“இ எண்டால் இயக்கச்சி!”

நீங்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தீர்கள். “ஐசே, நான் இயக்கச்சியிலை ஒரு மானும் பிடிக்கேல்லை. இ எண்டால் இங்கை. உ எண்டால் உங்கை. அ எண்டால் அங்கை.”

“இங்கை எண்டால் எங்கை?”

“நான் நிண்ட இடம்!”

கறிச்சட்டி கழுவிக்கொண்டு நின்ற அக்கா அப்படியே குந்தி இருந்து சிரித்தா. “கட்டின புதுசிலை எனக்குப் போட்ட கடிதமெல்லாம் உப்பிடித்தான்ரா. ‘இங்கை நல்ல மழை. உங்கை எப்பிடி?’ எந்த ஊரிலை மழை எண்டு ஒரு நாளும் எழுதினதில்லை. நான் குடையோடை எந்த பஸ்ஸுக்குப் போறது?”

பரந்தனில் நின்று எழுதின குப்பிகளில் ‘இ’ வன்னி மான். உடுத்துறையில் நின்று எழுதினவற்றில் ‘இ’ உடுத்துறை மான். ‘உ’வும் ‘அ’வும் அதுபோலவே நின்ற இடத்தோடு மாறின. இரண்டையும் நான் ஒன்றாகப் போட்டு, கலந்து கிடக்குது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். உலகத்தில் வேறு எந்தச் சனம் இப்படி ஒரு பிழை விடும்? இந்தியாக்காரனுக்கு இங்கேயும் அங்கேயும்தான். இடையில் உங்கை என்று ஒன்று வைத்துக்கொண்டு சீவிக்கிறது நாங்கள் மட்டும்தானே.

இதை எழுதும்போதும் அந்தச் சொல் இடறுகிறது. நீங்கள் இப்போது இருக்கிற இடத்துக்கு எதைப் போடுவது? அங்கை என்றால் அது கதைக்கிற இரண்டு பேருக்கும் தூரம். உங்கை என்றால் நீங்கள் நிற்கிற இடம். நின்று நான் சொல்வதைக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் வெட்டிவிட்டேன்.

நீங்கள் எந்த நாள் எங்கே நின்றீர்கள் என்று கேட்டு, நாள் நாளாகப் பிரித்துத் திரும்பப் பார்த்தபோது படம் வெளித்தது. வன்னியில் இரண்டு சாதியும் உண்டு. உடுத்துறையில் எடுத்த ஒவ்வொரு மானுக்கும் கீழ்ப் பட்டை மட்டும். ஒன்று கூடத் தப்பவில்லை. நீங்கள் சொன்னதுதான் சரி: அவை மூடுண்ட கூட்டம். எப்போதோ ஒரு சில கடந்து வந்து, அதுகளின் பிள்ளைகளே பெருகி, பிறகு ஒருவரும் வராமல் போன கூட்டம். ஒரு புரதத்தில் அப்படியென்றால் நாங்கள் பாராத மற்றவற்றிலும் அப்படித்தான் இருக்கும். ஒரு நோய் வந்தால் எல்லாம் ஒன்றாகப் போகும்.

எனக்கு அது ஒரு நல்ல கண்டுபிடிப்பு. உங்களுக்கு அது ஒரு வருத்தக்காரன், சுகப்படுத்த வேண்டிய நோயாளி.

அந்த நேரம் உங்கள் பரந்தன் கந்தோர்க் கட்டிடத்துக்குப் பின்னால் ஒரு இளம் கலைமான் கட்டிக் கிடந்தது. சுருக்கில் கால் அறுந்து வந்து, நீங்கள் தைத்துச் சுகப்படுத்திய ஆண் புள்ளிமான். அதன் இரத்தத்தை நானே பார்த்திருந்தேன்: மேல் பட்டை மட்டும். உங்கள் மூளை எங்கே போகிறது என்று எனக்கு உடனே விளங்கியது.

“வேண்டாம் அத்தான். உடுத்துறையிலை கொண்டுபோய் விட்டால் கலந்துபோகும். பிறகு ஆரும் வந்து இந்தக் கூட்டத்தைப் படிக்கேலாது. இது இப்பிடித் தனியக் கிடக்கிறதுதான் இதின்ரை பெறுமதி.”

“தம்பி, உமக்குப் பட்டை வேணும். எனக்கு மான் வேணும்.”

இப்போதும் சொல்கிறேன், முறைப்படி அது பிழையான வேலை. அனுமதி இல்லை, திட்டம் இல்லை, ஒற்றை மான். என்றாலும் நான் வந்தேன், நீங்கள் தனியப் போவீர்கள் என்று தெரிந்ததால். ரோட்டால் போனால் ஆனையிறவுச் சென்றியில் சோதனைக்கு மானோடு நிற்க வேண்டி வரும் என்று வள்ளம் பிடித்தீர்கள். அக்காவின் பழைய நூல்சேலையால் கண் கட்டி, கொஞ்சம் மயக்க ஊசி போட்டு, நடு வள்ளத்தில் கிடத்தினோம். ஓட்டி குனிந்து பார்த்துவிட்டு, “பொம்பிளை வீடு எங்கை டொக்டர்?” என்று கேட்டான். “உடுத்துறை” என்றீர்கள். “சீதனம் கதைச்சாச்சோ?” “மாப்பிளைக்கு ஒரு கால் கொஞ்சம் நொண்டி. அதாலை கேக்கேல்லை.” நீரேரி வெள்ளித் தகடாய்க் கிடந்தது. முழங்கால் ஆழம்தான். நடந்தே போயிருக்கலாம் என்று நான் முணுமுணுத்தேன். அந்த முழங்கால் ஆழத்தைத்தானே எத்தனையோ தலைமுறையாய் அந்த மான்கள் கடக்கவில்லை?

மணலில் இறக்கிச் சேலையை அவிழ்த்தோம். கொஞ்ச நேரம் தள்ளாடிக்கொண்டு நின்றது. பிறகு எங்களைத் திரும்பியும் பார்க்காமல் பற்றைக்குள் போனது. நீங்கள் வாயெல்லாம் பல்லாக நின்றீர்கள். உங்களை நான் நினைக்கும்போது வருகிற முகம் அதுதான். ஆசுபத்திரிக் கட்டிலில் கண்ட முகம் இல்லை.

அடுத்த மாதமே சண்டை. கரண்ட் போனது. குளிர்பெட்டி நின்றது. நாங்கள் எடுத்த இரத்தம் முழுவதும் அழுகி, குப்பியோடு கொண்டுபோய்த் தாட்டேன். நீங்கள் மட்டும் ஓயவில்லை. உடுத்துறையில் மாடு பார்க்கப் போகிறேன் என்று போய், ஒவ்வொரு முறையும் பற்றைக்குள்ளும் தேடினீர்கள். கடைசியாகப் போய் வந்தபோது குளிர்காய்ச்சலோடு வந்தீர்கள்.

இப்போது உள்ள ஊர்ப் புதினத்தைச் சொல்கிறேன்.

சண்டை நின்று பேச்சுவார்த்தை நடக்கிறது. எவ்வளவு நாளைக்கோ தெரியாது. கரண்ட் இன்னும் இல்லை. பெற்றோலை ரெண்டு சொட்டு விட்டுப் பற்றவைத்து, மண்ணெண்ணெயில் மோட்டச்சைக்கிள் ஓடுகிறது. உங்கள் மோட்டச்சைக்கிளும் அப்படித்தான் ஓடுகிறது. புகையைப் பார்த்தால் நீங்கள் என்னை உதைப்பீர்கள். சைக்கிளை நிறுத்தி வைத்து உழக்கி டைனமோவில் றேடியோ கேட்கிறோம். குடாநாட்டை விட்டு வெளிக்கிடுகிறவர்கள் கிளாலியால் வள்ளத்தில் போகிறார்கள். கலியாணம் பேசுகிறவர்கள் பக்கத்து ஊருக்குள்ளேயே பேசி முடிக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு வெளியே போக வழியில்லை, பொம்பிளைக்கு வெளியிலிருந்து வர ஆளில்லை. இருந்தால் நீங்கள் இதுக்கு என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன், அம்மா பேப்பர் வாசிக்கிறவ.

போன மாதம் மரியதாஸ் அண்ணை ஆள் அனுப்பினார். நாய் கலைத்து வந்த ஒரு பிணைமானும் அதன் குட்டியும் காயப்போட்ட வலைக்குள் சிக்கிக் கிடக்குதாம். உடனே வரட்டாம். உழக்கிக்கொண்டு போனேன். மீன்வாடிக் கொட்டிலின் நிழலில் இரண்டையும் கட்டி, கண்ணுக்கு உடுக்கிற சாரத்தால் மறைத்து வைத்திருந்தார்கள்.

“இறைச்சிக்குக் கேட்டு எத்தினை பேர் வந்தவை எண்டு தெரியுமோ?” என்றார். “டொக்டரின்ரை மான், தொடக்கூடாது எண்டு சொல்லிப்போட்டன். இஞ்சை இப்ப எல்லா மானுக்கும் அதுதான் பேர்.”

“இது அவர் விட்ட மான்ரை குட்டியோ?”

“அது எனக்கென்னெண்டு தெரியும்? நீரெல்லோ படிச்ச ஆள். குத்திப் பாரும்.”

குத்தினேன். இரண்டிலும் எடுத்தேன். பிறகு அவிழ்த்து விட்டோம்.

கரண்ட் இல்லாமல் பட்டை பார்க்கிறது எப்படி? செத்த றேடியோ ஒன்றின் றான்ஸ்போமரையும் டயோட்டுகளையும் கழற்றி, டைனமோவின் வலுவைக் கூட்டி மின்சாரத்தை ஒரே பக்கமாய் ஓடவைத்தேன். ஐஸுக்குப் பதில் கிணற்றுத் தண்ணியில் நனைத்த சாக்கு. மாவுக்கு முதலில் பனங்கிழங்கில் இடித்த ஒடியல்மாவைக் காய்ச்சிப் பார்த்தேன். பட்டை வரவில்லை, கூழ்தான் வந்தது, மீன் போட்டுக் குடித்தோம். பிறகு ஆய்வுகூடத்து அலுமாரிக்குள் பழைய மா ஒரு தகரப் பேணியின் அடியில் கிடந்தது. ஒரு தட்டுக்குத்தான் காணும். சாயம் கழுவ வினாகிரி.

உழக்குகிறது ஆர்? நானும் அக்காவும் மாறி மாறி. காலமையிலிருந்து பொழுதுபடும்வரை, எங்கள் வீட்டு மாமரத்துக்குக் கீழே, எங்கேயும் போகாத சைக்கிள்.

“இன்னும் எவ்வளவு?”

“நிப்பாட்டாதை அக்கா. நிப்பாட்டினால் பட்டை ஊறிப் பரவிப்போடும்.”

“இவ்வளவு உழக்கினதுக்கு நான் உடுத்துறைக்கே போய் அந்த மானிட்டை நேரிலை கேட்டிருப்பன்.”

அம்மா தேத்தண்ணியோடு வந்து பார்த்துவிட்டு, “மருமகன் இருந்தாலும் ஒரு பாடு, போனாலும் ஒரு பாடு” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனா.

விடிந்த பிறகு சாயத்தைக் கழுவி எடுத்தேன். தாய்க்கு ஒரு பட்டை, கீழே. குட்டிக்கு இரண்டு. மேலே ஒன்று, கீழே ஒன்று. மங்கல்தான், என்றாலும் சந்தேகமில்லை.

அக்கா தட்டுக்குக் கிட்ட வந்து குனிந்தா. நான் படபடவென்று சொல்லிக்கொண்டே போனேன்: இது அத்தான் விட்ட மான்ரை வழி எண்டு அடிச்சுச் சொல்லேலாது, வேறையொரு கலைமான் தானாய்க் கடந்தும் வந்திருக்கலாம், ஒரு குட்டியை வைச்சு ஒரு கூட்டத்தைப் பற்றிக் கதைக்கேலாது. அக்கா கேட்டது அதொன்றுமில்லை.

“இதிலை எது வெளியிலை இருந்து வந்தது?”

“மேலை நிக்கிறது.”

விரலை நீட்டி அந்தப் பட்டையைத் தொட்டா. பழைய மா, களிக்குப் பிடிப்பில்லை. விரல் பட்ட இடத்தில் வெடித்து, தட்டோடு இரண்டாகப் பிளந்தது. என்னிடம் கமராவுக்கு பிலிம் இல்லை, இன்னொரு தட்டு ஊற்ற மா இல்லை. உலகத்துக்குக் காட்ட இருந்த ஒரே சாட்சி அது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

“இனி ஆரும் கதைச்சால் எனக்கு மறுமொழி இருக்கு” என்றா.

அவவுக்குக் காணும். எனக்குக் காணாது, அத்தான். வழி திறந்திருந்தால் ஆடி ஆவணியில், நீரேரி வற்றுகிற நேரம், மரியதாஸ் அண்ணையின் வலையோடு திரும்பப் போகிறேன். இந்த வருசம் முடியாவிட்டால் அடுத்த வருசம். குட்டிகளில் எத்தனைக்கு மேல் பட்டை இருக்கிறது என்று ஒழுங்காகப் பார்ப்பேன். இருந்தால் இருக்கிறது என்று எழுதுவேன். இல்லாவிட்டால் இல்லை என்றும் எழுதுவேன். உங்கள் மனம் குளிரட்டும் என்று ஒரு பட்டையைக்கூடக் கூட்டிச் சொல்ல மாட்டேன். இது சத்தியம். அந்த நம்பிக்கையில்தானே அந்த ஐஸ் பெட்டியை வேறெங்கேயும் கொண்டுபோகாமல் என்னிடம் கொண்டுவந்தீர்கள்?

என்றும் உங்கள் அன்பு மைத்துனன்,
உங்கள் மனைவியின் ஒரே தம்பி,
கேதீசன்
இணுவில்